ராணுவ மக்கள் தொடர்புப் பணியில் இருந்தவர் நினைவாகப் பயிற்சி உதவித்தொகை: 12 லட்சத்தை வைத்து எப்படி அமைப்பது?

கேள்வி: கணியம்பாடி_கேம்ப்

எல்லோருக்கும் வணக்கம். வேலூர் மாவட்டம் கணியம்பாடி, கம்மவான்பேட்டை சுற்றுவட்டார முன்னாள் படைவீரர்கள் சார்பில் கேட்கிறேன். பாதுகாப்புத் துறையின் மக்கள் தொடர்பு அலுவலகத்தில் போட்டோ, செய்திக் குறிப்பு வேலைகளைப் பார்த்து, ஓய்வுக்குப் பின் காலமான சுபேதார் ஒருவரின் பெயரில் உதவித்தொகை ஏற்படுத்தப் போகிறோம். 12 லட்சம் சேர்ந்திருக்கிறது. முதலைத் தொடாமல் வட்டியிலேயே ஓட வேண்டும்.

படையில் இதே வேலையில் இருப்பவர்கள் தொழிலில் மேற்கொண்டு படிக்க உதவ வேண்டும் என்பது குடும்பத்தாரின் விருப்பம். இதழியல் டிப்ளமோ, வீடியோ எடிட்டிங், தமிழில் செய்தி எழுதும் பயிற்சி என எதுவானாலும் சரி.

தெரிய வேண்டியவை இவை. தனி டிரஸ்ட் போடுவதா, ஏதாவது கல்லூரியிடம் பணத்தைக் கட்டி அவர்களையே நடத்தச் சொல்வதா? பணியில் இருக்கும் ஹவில்தாரோ நாயக்கோ வெளியாரிடம் இப்படிப் பணம் வாங்கலாமா? ஆண்டுக்கு எத்தனை பேருக்கு எவ்வளவு தரலாம்? டிசம்பர் 7 கொடி நாளன்று விழா வைத்துக் கொடுக்கலாம் என்று ஒரு பேச்சு இருக்கிறது, அது சரிப்படுமா?

—

பதில்: காட்பாடி_கணக்கு

முதலில் பணம். 12 லட்சத்துக்கு 6.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 78,000 வரும். மூத்த குடிமக்களுக்கு வங்கி தரும் கூடுதல் வட்டி டிரஸ்ட் டெபாசிட்டுக்குக் கிடையாது. ஓய்வூதியக்காரர்கள் தங்கள் சொந்த டெபாசிட் வட்டியை மனதில் வைத்தே கணக்குப் போடுவார்கள், அங்கேயே முதல் சறுக்கல். போஸ்ட் ஆபீஸ் மாதாந்திர வருமானத் திட்டமும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டமும் தனிநபருக்கு மட்டும்தான், டிரஸ்ட் பெயரில் தொடங்க முடியாது. டிரஸ்டி ஒருவர் தன் பெயரில் போட்டு வட்டியைக் கொண்டுவந்து கட்டுகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அவர் காலத்துக்குப் பிறகு அது அவருடைய வாரிசுகளின் சொத்து.

டெபாசிட் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான். அதனால் 12 லட்சத்தை மூன்று வங்கிகளில் நான்கு நான்கு லட்சமாகப் போடுங்கள். வட்டி காலாண்டுக்கு ஒருமுறை கையில் வரும் வகையாக இருக்கட்டும். முதிர்வில் மொத்தமாகத் தரும் டெபாசிட்டில் வட்டி கைக்கு வராது, ஆனால் ஆண்டுதோறும் அந்த வட்டி கணக்கில் ஏறும், வரிப் பிடித்தமான டிடிஎஸ்ஸும் பிடிபடும். செலவழிக்கப் பணம் இல்லாமல் வருமானம் மட்டும் காகிதத்தில் நிற்கும். மாதம் இத்தனை சதவீதம் என்று ஆசை காட்டும் ஃபைனான்ஸ் கம்பெனிகள் பக்கம் போகவே வேண்டாம். நம் பக்கத்தில் அதை யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. போதாததற்கு, சட்டம் அனுமதித்த முதலீட்டு வகைகளுக்கு வெளியே டிரஸ்ட் பணத்தைப் போட்டால் வரிவிலக்குக்கும் ஆபத்து.

வரிவிலக்குப் பதிவு பெற்ற டிரஸ்ட் தன் வருமானத்தில் குறைந்தது 85 சதவீதத்தை அந்த நிதியாண்டுக்குள் நோக்கத்துக்காகச் செலவிட வேண்டும். 78,000இல் அது 66,300. மீதி 11,700ஐ முதலோடு சேர்த்துவிடுங்கள், விலைவாசிக்கு அதுதான் தாங்கல். செலவு என்றால் உண்மையிலேயே பணம் போயிருக்க வேண்டும். மார்ச் மாதம் தீர்மானம் போட்டு ஏப்ரலில் செக் கொடுத்தால் அந்த ஆண்டுச் செலவில் சேராது.

கிட்டத்தட்ட 66,000ஐ 25,000 வீதம் இரண்டு பேருக்கும், 10,000 குறுகிய காலப் பயிற்சி ஒன்றுக்கும், 6,000 ஆடிட்டர், அஞ்சல், அச்சுச் செலவுக்கும் என்று பிரிக்கலாம். ஆனால் பத்திரத்தில் ரூபாயை எழுதாதீர்கள். ‘அந்த ஆண்டு நிகர வட்டிக்கு உட்பட்டு’ என்று மட்டும் இருக்கட்டும். 25,000 என்று எழுதிவிட்டு வட்டி 5 சதவீதத்துக்கு இறங்கினால் முதலில் கைவைக்க நேரும்.

டிரஸ்டா, கல்லூரியா என்றால் உங்கள் நோக்கத்துக்குக் கல்லூரி ஒத்துவராது. கல்லூரி அறக்கட்டளைப் பரிசு அந்தக் கல்லூரி மாணவருக்குத்தான் போகும். நீங்கள் உதவ நினைப்பவர் பதான்கோட்டில் இருப்பார், இல்லை தொலைநிலைக் கல்வியில் படிப்பார். இன்னொன்று, 30 வருடங்களுக்கு முன் பலர் ஏற்படுத்திய அறக்கட்டளைப் பரிசுகள் இன்று சில நூறு ரூபாயாகச் சுருங்கிக் கிடப்பதை எந்தக் கல்லூரியின் ஆண்டுவிழா மேடையிலும் பார்க்கலாம். மாற்றி எழுதும் உரிமை கொடுத்தவர் கையில் இருக்காது.

டிரஸ்ட் பத்திரத்துக்கு வருகிறேன். சொத்து வெறும் ரொக்கம்தான் என்றாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிடுங்கள். பதிவில்லாத பத்திரத்தை வைத்து வங்கியிலும் வரித்துறையிலும் மல்லுக்கட்ட முடியாது. டிரஸ்டிகள் ஐந்து பேர் போதும், ஒற்றைப்படையாக இருக்கட்டும். மறைந்தவர் குடும்பத்திலிருந்து ஒருவருக்கு மேல் வேண்டாம். இரண்டு கையெழுத்தில்தான் பணம் எடுக்க முடியும் என்று இருக்க வேண்டும். விட்டுப்போகக் கூடாத மூன்று பிரிவுகள் உண்டு: டிரஸ்டைத் திரும்பப் பெற முடியாது என்பது, கலைத்தால் மிச்சப் பணம் இதே நோக்கமுள்ள வேறொரு வரிவிலக்கு பெற்ற அமைப்புக்குப் போகும் என்பது, தகுதியானவர் கிடைக்காத ஆண்டில் என்ன செய்வது என்பது. மூன்றாவதைப் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள்.

பயனாளி வட்டத்தை ‘நம் சங்க உறுப்பினர்களின் பிள்ளைகள்’ என்று சுருக்கினால் அது பொது நோக்கம் ஆகாது, உறுப்பினர்கள் தங்களுக்குள் உதவிக்கொள்வதாகிவிடும். சாதி, மதம் வைத்துச் சுருக்கினாலும் வரிவிலக்கு போகும். பழைய வட ஆற்காடு மாவட்டப் பகுதி, அதாவது இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டத்தாருக்கு முன்னுரிமை என்று வைப்பதில் தவறில்லை. டிரஸ்டிகள், டிரஸ்டை உருவாக்கியவர், இவர்களுடைய நெருங்கிய உறவினர்களுக்குப் பணம் போகக் கூடாது. கம்மவான்பேட்டையில் பாதிப் பேர் மாமன் மச்சான் என்பதால் சொல்கிறேன். ஒவ்வொரு விண்ணப்பத்திலும் உறவு பற்றிய உறுதிமொழி வாங்கி வையுங்கள். உறவுக்காரர் விண்ணப்பித்தால் அந்த டிரஸ்டி கூட்டத்தில் ஒதுங்கி உட்கார்ந்தால் மட்டும் போதாது, அந்த விண்ணப்பமே ஏற்கத் தக்கதல்ல.

இன்னும் ஒன்று. 2026 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டம் 2025 நடைமுறையில் இருக்கிறது. பிரிவு எண்கள் எல்லாம் மாறிவிட்டன. டைப்பிங் சென்டரில் தரும் பழைய மாதிரிப் பத்திரத்தில் 12ஏ, 80ஜி, 11(5) என்று 1961 சட்டத்து எண்கள் இருக்கும். அப்படியே நகலெடுக்காமல் ‘அவ்வப்போது நடைமுறையில் உள்ள வருமான வரிச் சட்டத்தின்படி’ என்று எழுதச் சொல்லுங்கள். தொடக்கத்தில் கிடைப்பது தற்காலிகப் பதிவு. காலாவதி ஆவதற்கு முன் முழுப் பதிவுக்கு விண்ணப்பிக்க மறந்துவிடுபவர்கள் அதிகம். அந்தத் தேதியை டிரஸ்ட் மினிட் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

நன்கொடையாளர்களிடம் வரிச்சலுகையைப் பெரிதாகப் பேச வேண்டாம். புதிய வரிமுறையில் இருப்பவருக்கு அந்தக் கழிவே கிடையாது, ஓய்வூதியக்காரர்களில் பலர் இப்போது அதில்தான். பழைய முறையில் இருப்பவருக்கும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு இல்லை. ஆனால் நன்கொடை தருபவர் ஒவ்வொருவரிடமும் ‘இது மூலநிதிக்காக’ (அதாவது செலவழிக்காமல் வைக்கும் முதலுக்காக) என்று கையெழுத்திட்ட கடிதம் கட்டாயம் வாங்குங்கள். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் 12 லட்சமும் அந்த ஆண்டு வருமானமாகிவிடும், 85 சதவீதத்தைச் செலவழி என்று சட்டம் கேட்கும்.

—

பதில்: பாலாறு_பாசறை

பணியில் இருப்பவர் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

நம் படையில் மக்கள் தொடர்பு என்பது பெரும்பாலும் தனிப் பணிப்பிரிவு கிடையாது. பாதுகாப்பு அமைச்சகத்தின் மக்கள் தொடர்பு இயக்குநரகத்தில் இந்தியத் தகவல் பணி அதிகாரிகளும், முப்படைகளிலிருந்து குறிப்பிட்ட காலத்துக்கு வரும் அதிகாரிகளும் சேர்ந்து வேலை செய்கிறார்கள். சென்னையிலும் அதற்கு அலுவலகம் உண்டு. தரைப்படைத் தலைமையகத்துக்கென்று ஏடிஜிபிஐ என்ற பொதுத் தகவல் பிரிவு தனியாக இருக்கிறது. பாதுகாப்பு அமைச்சகம் வெளியிடும் சைனிக் சமாச்சார் 1909 ஜனவரி 2இல் ஃபௌஜி அக்பாராகத் தொடங்கி 1954இல் பெயர் மாறியது. அது தமிழிலும் வருகிறது என்பது நம் ஊரிலேயே பலருக்குத் தெரியாது.

இதனால் என்ன சிக்கல் என்றால், ‘மக்கள் தொடர்புப் பணியாளர்’ என்று விதியில் எழுதினால் தகுதியானவரை அடையாளம் காட்டும் காகிதம் எதுவும் கிடைக்காது. யூனிட்டில் கேமரா பிடிப்பவரின் டிரேடு கிளார்க் என்றோ சிக்னல் என்றோ இருக்கும். அதனால் தகுதியை வேலையை வைத்து வரையறுங்கள்: ‘புகைப்படம், ஒளிப்பதிவு, செய்திக் குறிப்பு, யூனிட் இதழ், சமூக வலைத்தளம் ஆகிய பணிகளில் ஏதாவது ஒன்றில் குறைந்தது இரண்டு ஆண்டுகள் ஈடுபட்டதாகக் கமாண்டிங் ஆபீசர் சான்று’. இரண்டு ஆண்டுகள் என்பது என் யோசனை, உங்கள் இஷ்டம்.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே இது முழுநேரப் பணிப்பிரிவு. கடற்படையில் 2006இல் செய்தியாளர், புகைப்படக்காரர், அச்சுக்காரர், ஓவியர் என்று இருந்த பிரிவுகளை ஒன்றாக்கி ‘மாஸ் கம்யூனிகேஷன் ஸ்பெஷலிஸ்ட்’ என்று வைத்தார்கள். மேரிலாந்தின் ஃபோர்ட் மீடில் அதற்கென்றே டிஃபென்ஸ் இன்ஃபர்மேஷன் ஸ்கூல் இருக்கிறது. ராணுவத் தொடர்பியலுக்கென்று தனித் தொழில்தகுதித் தேர்வுகூட உண்டு. அங்கே நினைவு உதவித்தொகை என்றால் அந்தத் தேர்வுக் கட்டணம், மாநாட்டுக் கட்டணம் என்று குறிப்பாகக் கொடுக்க முடியும். இணையத்தில் கிடைக்கும் அவர்களுடைய விண்ணப்பப் படிவத்தை மொழிபெயர்த்து வைத்துக்கொண்டால் நமக்கு உதவாது.

பணம் வாங்கலாமா? நேராக ஜவான் கணக்கில் போடாதீர்கள். பணியில் இருப்பவர் வெளி அமைப்பிடமிருந்து பணமோ பரிசோ வாங்க மேலிட அனுமதி தேவை. ‘தெரியாமல் வாங்கிவிட்டேன்’ என்று பின்னால் அவர் விளக்கக் கடிதம் எழுதும்படி ஆகக் கூடாது. நடைமுறையில் வழி இது. விண்ணப்பம் யூனிட் மூலமாக வரட்டும், சி.ஓ. பரிந்துரையும் ‘ஆட்சேபணை இல்லை’ சான்றும் சேர்ந்து. உங்கள் டிரஸ்ட் கட்டணத்தை நேரடியாகப் பயிற்சி நிறுவனத்தின் கணக்குக்குக் கட்டட்டும். ரசீது படிப்பவர் பெயரில், பணம் கட்டியவர் என்ற இடத்தில் டிரஸ்ட் பெயர். ஜவான் கையில் ஒரு ரூபாயும் வராது. அனுமதி கொடுக்கும் அதிகாரிக்கும் இந்த அமைப்புக்குக் கையெழுத்துப் போடுவது எளிது.

இன்னொரு கண்ணி: ‘உதவி பெறுபவர் நம் மலருக்கு ஒரு கட்டுரை எழுத வேண்டும், விழாவில் அனுபவம் பேச வேண்டும்’ என்று அன்பாக ஒரு நிபந்தனை சேர்ப்பார்கள். 1954ஆம் ஆண்டு ராணுவ விதிகளில் 21ஆவது விதியின்படி, பணி சம்பந்தப்பட்ட விஷயத்தை முன் அனுமதி இல்லாமல் பத்திரிகைக்குக் கொடுக்கவோ பிரசுரிக்கவோ அதைப் பற்றிச் சொற்பொழிவாற்றவோ கூடாது. நீங்கள் போடும் நிபந்தனையே அவரை மீறலில் தள்ளும். அந்த வரியை எடுத்துவிடுங்கள். படத்தோடு தினசரியில் செய்தி கொடுப்பதும் அப்படித்தான், பணியில் இருப்பவர் என்றால் யூனிட்டைக் கேட்டுவிட்டு.

இனி உண்மையில் யாருக்குத் தேவை என்று பாருங்கள். புதுடெல்லி இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனத்தில் படை அதிகாரிகளுக்கு ஊடகப் பயிற்சி நடக்கிறது, அது அரசு செலவு. ஓய்வு பெறும் ஜேசிஓ (சுபேதார் போன்ற இளநிலை அதிகாரி), ஜவான்களுக்கு மறுவாழ்வு இயக்குநரகம் நடத்தும் பயிற்சிகளுக்கு முழுக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது, அதிகாரி என்றால் 60 சதவீதம். இந்த இரண்டுக்கும் உங்கள் பணம் வேண்டாம். இடைவெளி எங்கே என்றால், இன்னும் ஐந்தாறு வருடம் சர்வீஸ் இருக்கும் நாயக், ஹவில்தார், கையில் திறமை இருந்தும் சான்றிதழ் இல்லாதவர். பிறகு ஓய்வு பெற்று வந்து கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருப்பவர், முறையாக எடிட்டிங் படித்தால் செய்தித் தொலைக்காட்சியில் வேலைக்குப் போகக்கூடியவர். மூன்றாவது, இதழியல் படிக்கும் படைவீரர் பிள்ளைகளும் வீரர்களின் மனைவியரும். என்னைக் கேட்டால் முதல் இரண்டு பிரிவுக்கும் முன்னுரிமை, ஆள் இல்லாத ஆண்டில் மூன்றாவது. காட்பாடி சார் சொன்ன ‘தகுதியானவர் கிடைக்காத ஆண்டு’ பிரிவில் இதை அப்படியே எழுதிக்கொள்ளலாம்.

டிசம்பர் 7 வேண்டாம். கொடி நாள் நல்ல நாள்தான், ஆனால் கல்லூரிக் கட்டணம் கட்டும் நாள் ஜூன், ஜூலை. டிசம்பரில் கொடுக்கும் 25,000, ஏற்கனவே வட்டிக்கு வாங்கிக் கட்டியதை அடைக்கத்தான் போகும். பணம் இல்லாமல் சேராமலே விட்டவருக்கு அதுவும் உதவாது. மார்ச் நடுவில் அறிவிப்பு, மே 31 கடைசி நாள், ஜூன் மூன்றாம் வாரத்துக்குள் தேர்வு, பிறகு உடனே கட்டணம். விழா வேண்டுமென்றால் கார்கில் வெற்றி நாள் ஜூலை 26 இருக்கிறது.

—

பதில்: ஓட்டேரி_வகுப்பறை

இதழியல் கற்பிக்கும் பக்கத்திலிருந்து சில விஷயங்கள். காட்பாடி சாரின் பங்கீட்டில் எனக்கு உடன்பாடில்லை. 25,000 வீதம் இரண்டு என்பது டிப்ளமோ படிப்பவருக்குப் பொருந்தும். ஆனால் பாலாறு சார் சொன்ன முதல் இரண்டு பிரிவினருக்கு ஓராண்டுப் படிப்புக்கு விடுப்பு எங்கே? அவர்களுக்குத் தேவை இரண்டு வாரம், ஒரு மாதம் என்று முடியும் பயிற்சி. ஒரு 25,000, மீதியை 8,000 வீதம் நான்காகப் பிரித்தால் பயன் கூடும். ‘பெரிய தொகை கொடுத்தால்தான் பெயர் நிற்கும்’ என்பார்கள். நான்கு பேர் ஆண்டுதோறும் அந்தப் பெயரைச் சொன்னாலும் நிற்கும்தான்.

தேர்வில் மதிப்பெண் சான்றிதழை அளவுகோலாக வைக்காதீர்கள். இந்த வேலை கையில் இருக்கிறதா என்று பார்க்க ஒன்றரை மணி நேரத் தேர்வு போதும். நேரில் வர முடியாதவர் யூனிட் கல்விப் பிரிவு ஜேசிஓ மேற்பார்வையில் எழுதலாம். ஒரு தாளில் கற்பனை நிகழ்வு பற்றிப் பன்னிரண்டு தகவல்களைக் கலைத்துப் போட்டுக் கொடுங்கள். உதாரணம், வெள்ள மீட்பு: எத்தனை படகு, எந்த ஊர், எத்தனை பேர் மீட்கப்பட்டார்கள், மாவட்ட ஆட்சியர் என்ன சொன்னார் என்பதெல்லாம் இருக்கும். நடுவில் இரண்டு பொறி வையுங்கள். காயம்பட்ட ஜவானின் பெயர், ‘வீட்டுக்கு இன்னும் தகவல் போகவில்லை’ என்ற குறிப்போடு. அடுத்து அந்தக் கம்பெனி எந்த இடத்துக்கு எத்தனை மணிக்கு நகர்கிறது என்பது. இதிலிருந்து 200 சொல்லில் தமிழிலோ ஆங்கிலத்திலோ செய்திக் குறிப்பு எழுதச் சொல்லுங்கள். நடை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த இரண்டில் ஒன்றை எழுதிவிட்டால் பாதி மதிப்பெண் போய்விட வேண்டும். குடும்பத்துக்குச் சொல்லும் முன் பெயர் வெளியே போகக் கூடாது, நடமாட்டம் வெளியே போகக் கூடாது, இந்த இரண்டும் எந்த நாட்டுப் படையிலும் இந்த வேலையின் முதல் பாடம்.

நல்ல குறிப்பு எப்படி இருக்கும்? முதல் வாக்கியத்திலேயே யார், என்ன, எங்கே, எப்போது வந்துவிடும். ‘மாண்புமிகு’, ‘வீரமிக்க’, ‘தன்னலமற்ற’ என்று மூன்று வரி ஓடிய பிறகு படகு வந்தால் செய்தி ஆசிரியர் அந்த மூன்று வரியையும் வெட்டுவார். தேதியோடு கிழமை, பதவியோடு முழுப்பெயர், கடைசியில் தொடர்புக்கான அலுவலக எண். எண்கள் ஒன்றோடொன்று முரண்படாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். தாளில் வேண்டுமென்றே ஒரு கூட்டல் பிழை வைத்தால் இன்னும் நல்லது: மூன்று ஊரிலும் மீட்கப்பட்டவர்களைக் கூட்டினால் மொத்தத்தோடு ஒத்துப்போகாது. கவனிப்பவர் ‘சரிபார்க்க’ என்று ஓரத்தில் எழுதுவார், அவரைத்தான் நீங்கள் தேடுகிறீர்கள்.

புகைப்படம் மூன்று கேளுங்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரிக்குள் படவிளக்கம். முன்னாள் வீரர் என்றாலும் ராணுவ முகாம், ஆயுதம், வாகன எண், யூனிட் பெயர்ப்பலகை தெரியும் படத்தை ஏற்க மாட்டோம் என்று அறிவிப்பிலேயே போட்டுவிடுங்கள். கோயில் திருவிழா, ஏலகிரி, சந்தை, பள்ளி விளையாட்டு எதுவும் போதும். வாட்ஸ்ஆப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, அச்சுக்கோ மதிப்பீட்டுக்கோ உதவாது. டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். ஆனால் டாக்குமெண்டாக அனுப்பும்போது எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை படத்துக்குள்ளேயே கூட வரும். கேமராவில் லொகேஷனை அணைத்துவிட்டு எடுத்த படம் மட்டும் என்பது விதியாக இருக்கட்டும். அதைக் கடைப்பிடித்தாரா என்பதும் ஒரு பரீட்சைதான்.

தமிழில் எழுதுபவர் யூனிகோடில் தட்டச்சு செய்திருக்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு இன்னொரு கணினியில் ‘jkpo;’ என்ற மாதிரிக் குப்பையாகத் திறக்கும், செய்தி அறையில் அதை யாரும் மாற்றிக்கொண்டிருக்க மாட்டார்கள். தமிழ்99 விசைப்பலகை பழகாதவருக்கு குறுகிய காலப் பயிற்சியில் முதல் வாரம் அதற்கே போகட்டும்.

விண்ணப்பத்தில் பெயர், யூனிட், ஊர் இருக்கும் தாளைத் தனியாக எடுத்துவிட்டு எண் மட்டும் போட்டுத் திருத்துபவரிடம் கொடுங்கள். திருத்துபவர்கள் இரண்டு பேர், ஒருவர் ஊருக்கு வெளியே இருப்பவர். இருவருக்கும் இடையில் 15 மதிப்பெண்ணுக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது ஆள். 100இல் செய்திக் குறிப்புக்கு 45, படங்களுக்கு 25, ‘இந்தப் படிப்பு எதற்கு’ என்ற ஒரு பக்கத்துக்கு 15, குடும்பச் சூழலுக்கு 15 போதும்.

டிப்ளமோவுக்கு எங்கே என்று கேட்பார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இதழியல் துறை இருக்கிறது, இக்னோவில் தொலைநிலையில் முதுநிலை டிப்ளமோ இருக்கிறது, இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனத்துக்கு நமக்கு அருகில் கோட்டயம் கிளை. பணியில் இருப்பவருக்கு இக்னோதான் நடைமுறைக்கு ஒத்துவரும், இடமாற்றம் வந்தாலும் படிப்பு அறுந்துபோகாது. ‘100 சதவீத வேலை உறுதி’ என்று போர்டு வைத்திருக்கும் எடிட்டிங் சென்டருக்குப் பணம் கட்டும் முன், பயிற்சி முடிந்தால் சான்றிதழ் யார் பெயரில் வரும், ஒருவருக்கு எத்தனை மணி நேரம் தனிக் கணினி, மென்பொருள் உரிமம் உள்ளதா என்று எழுத்தில் கேளுங்கள். கட்டணத்தை இரண்டு தவணையாகக் கட்டுங்கள், பாதி சேரும்போது, பாதி நடுவில் வருகைப்பதிவு பார்த்து. முழுத்தொகையையும் முதலிலேயே கட்டினால் இரண்டாம் வாரத்தில் நின்றுவிடுபவரின் பணம் திரும்ப வராது.

—

பதில்: ரெக்கார்ட்ஸ்_மேசை

காகிதங்கள் பற்றி யாரும் சொல்லவில்லை. தாமதமெல்லாம் இங்கேதான்.

முன்னாள் வீரர் என்றால் டிஸ்சார்ஜ் புத்தகத்தின் நகல், ஓய்வூதிய ஆணையான பிபிஓ, முன்னாள் படைவீரர் நல அலுவலகம் தந்த அடையாள அட்டை. பிள்ளைகள், மனைவி என்றால் சார்ந்தோர் அட்டையும் கல்லூரி போனஃபைடு சான்றும். பிள்ளையின் பெயர் ராணுவ ஆவணத்தில் ஏறியிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். குடும்ப விவரங்களைப் பதியும் பகுதி 2 ஆணையில் குழந்தை பிறப்பு வெளியாகவில்லை என்றால் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் பெயர் இருக்காது. கடைக்குட்டிப் பிள்ளைகளுக்கு இது அடிக்கடி நடக்கும். திருத்த வேண்டுமென்றால் நல அலுவலகம் வழியாக ரெக்கார்ட் ஆபீஸ் போக வேண்டும். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் வெலிங்டன், சாப்பர்ஸ் எனும் பொறியாளர் படை என்றால் பெங்களூரு. மே 31 கடைசி நாள் என்று வைத்தால் அதற்குள் முடியாது. ‘திருத்தத்துக்கு விண்ணப்பித்த ஒப்புகை போதும், பணம் கட்டும் முன் உறுதி செய்தால் சரி’ என்று ஒரு வரி சேருங்கள்.

இனிஷியல் தகராறு வேறு. பள்ளிச் சான்றிதழில் ‘கு. ரேவதி’ என்று இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் பின்னால் முழுதாக வரும், ராணுவ ஆவணத்தில் இரண்டாகப் பிரித்து எழுதியிருக்கும். மூன்றும் ஒருவரே என்று நோட்டரி உறுதிமொழி ஒன்று வாங்கினால் உங்கள் அளவுக்குப் போதும், கெஜட் மாற்றமெல்லாம் கேட்டு அலைக்கழிக்காதீர்கள்.

பிள்ளைகள் பிரதமர் உதவித்தொகைத் திட்டத்தில் ஏற்கனவே இருக்கலாம். மாதம் பெண்களுக்கு 3,000, ஆண்களுக்கு 2,500 வருகிறது. வேறு உதவி வாங்கினால் அது பாதிக்குமா என்று அந்த ஆண்டின் அறிவிப்பைப் படித்துவிட்டு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். உங்கள் 25,000க்காக அந்தத் தொடர் வருமானத்தை அவர்கள் இழந்துவிடக் கூடாது.

ரெஜிமெண்ட் சின்னம், அசோகச் சின்னம், படைக்கொடி எதையும் லெட்டர்ஹெட்டில் போடாதீர்கள். மறைந்தவரின் பெயருக்கு முன்னால் ‘சுபேதார்’ என்று போடலாம், ‘ஓய்வு’ என்பதையும் சேர்த்து. பெயரையும் படத்தையும் பயன்படுத்தக் குடும்பத்தில் மனைவி மட்டுமல்லாமல் வயது வந்த பிள்ளைகள் எல்லோரும் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் வாங்குங்கள்.

—

கணியம்பாடி_கேம்ப்

எல்லோருக்கும் நன்றி சார். கொடி நாள் யோசனையைக் கைவிடுகிறோம். பணியில் இருப்பவருக்குக் கட்டணத்தை நேரடியாக நிறுவனத்துக்கே கட்டுவது என்றும் முடிவு. ஒன்று கேட்க விட்டுப்போனது. மறைந்தவரின் மகள் அமெரிக்காவில் இருக்கிறார், தன் பங்காக 3 லட்சம் அனுப்புகிறேன் என்கிறார். அம்மா கணக்குக்கு அனுப்பி, அம்மா டிரஸ்டுக்குக் கொடுத்தால் சுலபம் என்கிறார்கள்.

—

காட்பாடி_கணக்கு

முதலில் அவருடைய பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று கேளுங்கள். இந்திய பாஸ்போர்ட் என்றால் பிரச்சினை இல்லை. வெளிநாட்டில் வசிக்கும் இந்தியக் குடிமகள் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது அயல்நாட்டுப் பங்களிப்பு ஆகாது. வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்கிலிருந்து டிரஸ்ட் கணக்குக்கு நேராக வரட்டும். பாஸ்போர்ட் நகல் ஒன்றும், மூலநிதிக்காக என்ற கடிதமும் கோப்பில் இருக்கட்டும்.

அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், அவர் அயல்நாட்டு மூலம்தான். அப்போது அயல்நாட்டுப் பங்களிப்புச் சட்டமான எஃப்சிஆர்ஏவின் அனுமதி இல்லாமல் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது. புதிய டிரஸ்டுக்குப் பதிவு உடனே கிடைக்காது. மூன்று ஆண்டு இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்று ஆண்டில் நோக்கத்துக்காக 15 லட்சம் செலவிட்டிருக்க வேண்டும். உங்கள் அளவில் அது நடக்காத காரியம். குறிப்பிட்ட நன்கொடையாளரிடமிருந்து குறிப்பிட்ட தொகைக்கு முன் அனுமதி என்ற வழி உண்டு, ஆனால் அதற்கும் புதுடெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் தனிக் கணக்கு, ஆண்டுக் கணக்குத் தாக்கல் என்று 3 லட்சத்துக்கு மீறிய வேலை.

அம்மா கணக்கு வழி வேண்டவே வேண்டாம். உறவினருக்குச் சொந்தச் செலவுக்கு அனுப்புவது வேறு. டிரஸ்டுக்காக என்று அனுப்பி ஒருவர் வழியாகவோ பலர் வழியாகவோ வந்தாலும் சட்டம் அதை அயல்நாட்டுப் பங்களிப்பாகவே பார்க்கும். பணம் வந்த தேதியும் போன தேதியும் வங்கிப் புத்தகத்தில் அடுத்தடுத்த வரியில் நிற்கும்.

மகள் உதவ விரும்பினால் பணம் இல்லாமலே வழி இருக்கிறது. ஓட்டேரி சார் சொன்ன ஊருக்கு வெளியே இருக்கும் மதிப்பீட்டாளராக அவரையோ, அவருக்குத் தெரிந்த தமிழ்ப் பத்திரிகையாளரையோ கேளுங்கள். எண் மட்டும் போட்ட தாள்களை ஸ்கேன் செய்து அனுப்பினால் போதும். சம்பளம் கொடுக்க வேண்டாம், அவரை டிரஸ்டியாகவும் போட வேண்டாம்.